ஜார்ஜ் ஹன்ட்னு காது கேட்காத ஒரு நகைக்காரர், பர்மிங்ஹாம் - யாருக்காச்சும் தெரியுமா?

கொலுசு கார்த்தி:
வணக்கம் மக்களே. ரெண்டு நாளா ஒரு ப்ரோச் மண்டைக்குள்ளயே சுத்திட்டு இருக்கு, இங்க கொட்டினாதான் தூக்கம் வரும். ஆன்லைன் ஏலம் ஒண்ணை மேஞ்சிட்டு இருந்தேன், வாங்குற ஐடியால்லாம் கிடையாது, என் சம்பளத்துக்கு வேடிக்கை பார்க்கறதோட சரி. வெள்ளியில ஒரு ப்ரோச், சுத்தி குட்டி குட்டியா இலை, கொடி மாதிரி சுருண்ட கம்பி, நடுவுல பால்ல தண்ணி கலந்த மாதிரி ஒரு மூன்ஸ்டோன். கீழ ‘ஜார்ஜ் ஹன்ட், பர்மிங்ஹாம், 1892-1960, காது கேளாத கலைஞர்’னு போட்டிருந்தான். ஆர்ட்ஸ் அண்ட் கிராஃப்ட்ஸ் ஸ்டைலாம். எனக்கு அந்தப் பேரே புதுசு. ஆனா ஒண்ணு தோணுச்சு, காது கேட்காததாலதான் கண்ணு அவ்ளோ கூர்மையா இருந்திருக்கும் போல. சத்தமே இல்லாத உலகத்துல உட்கார்ந்து பண்ணதாலதான் அந்த இலையெல்லாம் அப்படி வந்திருக்கு. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஏலக்கடை:
கார்த்தி, நல்ல ஆளத்தான் புடிச்சிருக்கீங்க. முதல்ல பின்னணி. 19ம் நூற்றாண்டு கடைசில இங்கிலாந்துல மெஷின்ல அச்சடிச்சு மூட்டை மூட்டையா நகை வருது, அதெல்லாம் குப்பை, டிசைன் போடுறவனும் செய்யுறவனும் ஒரே ஆளா இருக்கணும்னு, கைவேலைதான் உசத்தினு சொன்ன வில்லியம் மாரிஸ்ங்கற டிசைனர் வழியில ஒரு கூட்டம் கிளம்புச்சு. அதான் ஆர்ட்ஸ் அண்ட் கிராஃப்ட்ஸ். அந்தப் பேர்ல 1887ல ஒரு சங்கம், 1888ல லண்டன் நியூ கேலரில முதல் கண்காட்சி. வைரத்தைக் கண்டாலே அவங்களுக்கு ஆகாது. மூன்ஸ்டோன், ஓபல், டர்க்காய்ஸ், கோணல்மாணலா இருக்கற முத்து, பட்டை தீட்டாம உருட்டி மெருகு போட்ட கல்லு, இதான் அவங்க சரக்கு. தங்கத்தை விட வெள்ளி அதிகம்.

ஆனா ஒரு சின்ன திருத்தம். ஹன்ட் பிறந்ததே 1892, அதாவது இயக்கம் உச்சத்துல இருந்தப்ப ஆளு ஸ்கூல் பையன். இவரு வேலை பண்ணது பெரும்பாலும் ரெண்டு உலகப்போருக்கும் நடுவுல. அதே செட்டுல சிபில் டன்லப் (1889-1968), பெர்னார்ட் இன்ஸ்டோன் (1891-1987), டாரி நாசிட்டர் (1893-1977) எல்லாம் வருவாங்க. ஊரே ஆர்ட் டெக்கோனு நேர்கோடும் முக்கோணமுமா போய்ட்டு இருந்தப்ப இவங்க இன்னும் இலையும் கொடியும் திராட்சைக் கொத்தும் பண்ணிட்டு இருந்தாங்க, புடிவாதக்காரங்க.

பனங்காய்:
நான் இஞ்ச பர்மிங்காமிலதான் இருக்கிறன், 19 வருசமாச்சு. வேலைக்குப் போற வழியிலதான் ஜுவல்லரி குவார்ட்டர், நகைப்பட்டறையள் நிறைஞ்ச பகுதி. ஹன்டைப் பற்றிக் கதைக்கிறதெண்டா முதல்ல இந்த ஊரைப் பற்றிச் சொல்லவேணும். மார்கரெட் ஸ்ட்ரீட்டில ஆர்ட் ஸ்கூல் இருக்குதெல்லோ, சிவப்புச் செங்கல் கட்டடம், 1885ல திறந்தது, ஹன்ட் படிச்சது அங்கதான். அந்த ஸ்கூலின்ர எட்வர்ட் டெய்லர் எண்ட ஹெட்மாஸ்டர் கொண்டுவந்த ஒரு பழக்கம், டிசைனைக் கடதாசியில கீறிப்போட்டு விடேலாது, அதை அந்தந்த உலோகத்திலயே பிள்ளையள் செய்து காட்டவேணும். 1910ல இருந்து அங்க மெட்டல் வேலைக்குப் பொறுப்பு பெர்னார்ட் கஸ்னர். அந்தாள் தகப்பனிட்ட மணிக்கூடு திருத்தப் பழகி, பிறகு வெள்ளி வேலைக்கு வந்தவர்.

விட்டோரியா ஸ்ட்ரீட்டில நகைக்காரருக்கெண்டே இன்னொரு ஸ்கூல், 1890ல தொடங்கினது. 1903ல இருந்து 1924 வரைக்கும் ஆர்தர் காஸ்கின் தலைமை. அவரும் மனுசி ஜார்ஜியும் சேர்ந்து செய்த நகையள் இண்டைக்கும் நல்ல விலை போகுது. அந்தக் கட்டடத்தில நான் வந்த காலத்திலயும் பிள்ளையள் படிச்சவை, பின்னேரம் ஜன்னலால பாத்தா வரிசையா தலை குனிஞ்சபடி இருப்பினம். ஹன்ட் ஆகாயத்தில இருந்து விழேல்லை. சுத்திவர எல்லாரும் நகைக்காரர், நல்ல பள்ளிக்கூடம், நல்ல வாத்திமார்.

சாமணம்:
ரொம்ப நாளா இங்க படிக்கறதோட சரி, இன்னிக்கு எழுதியே ஆகணும்.

எனக்குக் காது கேட்காது. 4 வயசுலேருந்து. 22 வருஷமா நகைப்பட்டறை வேலை. கார்த்தி, நீங்க தப்பான எண்ணத்துல சொல்லலனு தெரியும், ஆனா “காது கேட்காததாலதான் கண்ணு கூர்மை”ங்கறதைக் கேட்டுக் கேட்டு, சரி படிச்சுப் படிச்சு, புளிச்சுப் போச்சு. எங்க பட்டறைல 3 பேருக்குக் காது கேட்காது. அதுல ஒருத்தன் வேலை இன்னிக்கு வரைக்கும் மட்டம்தான், கல்லு வச்சான்னா ரெண்டாவது நாள் திரும்பி வரும். அவனுக்கு ஏன் கண்ணு கூர்மையாகல? நான் ஒழுங்கா செய்யுறேன்னா, எனக்குச் சொல்லிக் குடுத்தவரு ஒரே கொலுசை 40 தடவை பிரிச்சுப் பத்தவைக்கச் சொன்னாரு, அதனாலதான்.

அப்புறம் சத்தமே இல்லாத உலகம்னு எழுதறீங்களே. டை பிரஸ், அதான் தகட்டுல டிசைன் அச்சடிக்கற மெஷின், அடிக்கறப்ப என் பக்கத்துல உட்கார்ந்து பாருங்க. தரை வழியா முட்டிக்கு வரும், முட்டிலேருந்து நெஞ்சுக்கு வரும். அமைதியாம் அமைதி.

குமிட்டி:
சாமணம் தம்பி சொல்றது சரிங்க. நான் கோயமுத்தூரு, எங்கப்பாருகிட்ட குமிட்டி, அதாவது பட்டறை அடுப்பு, ஊதக் கத்துக்கிட்டவன், இப்ப 63 வயசு, கண்ணு போயி வேலைய விட்டு 4 வருசமாச்சு. காது கேட்கறவங்களுக்கு ஒண்ணு சொல்றனுங்க, பட்டறைல காதுக்கு வேலை இல்லைன்னு நினைச்சீங்கன்னா தப்பு, நிறைய இருக்குது. தகட்டைத் தட்டறப்ப முதல்ல மொத்து மொத்துனு சத்தம் வரும், தட்டத் தட்ட வெள்ளி இறுகிப்போயி டங்கு டங்குனு மாறிரும், அப்ப நிறுத்தி நெருப்புல காய்ச்சணும், இல்லீன்னா விரிசல் உட்டுரும். பத்தவைக்கறப்ப தடவற வெங்காரம் கொதிக்கற சத்தம் அடங்குனாத்தான் பொடி, அதாவது ஒட்டற உலோகம், உருகி ஓடப் போகுதுன்னு அர்த்தம். அரம்பத்துல அலகு உடையறதுக்கு முந்தி ஒரு கீச்சு. எனாமலை, அதாவது உலோகத்து மேல உருக்கி ஒட்டற கண்ணாடிப் பூச்சை, உலையிலிருந்து எடுத்து வெச்சு ஆறுறப்ப “டிக்”னு ஒரு சத்தம் வந்துச்சுன்னா போச்சு, அத்தன உழைப்பும் வெடிச்சுப் போச்சு. இதெல்லாம் அந்த வெள்ளைக்காரருக்குக் கேட்டிருக்காது. அப்புறம் எப்படிங்க செஞ்சாரு? அதுதான் எனக்கு ஆச்சரியம்.

சாமணம்:
குமிட்டி ஐயா, இது நல்ல கேள்வி, இதுக்கு சந்தோஷமா பதில் சொல்வேன். ஹன்ட் எப்படிப் பண்ணாருனு அவருக்காக நான் பேச முடியாது, நான் எப்படிப் பண்றேன்னு சொல்றேன்.

தகடு இறுகினா உங்களுக்குச் சத்தம் மாறும், எனக்குச் சுத்தியல் துள்ளும். மெத்துனு இருக்கற வெள்ளில அடிச்சா சுத்தியல் அங்கயே உட்காரும், இறுகினது கைய மேல தூக்கி விடும், மணிக்கட்டுல தெரியும். வெங்காரம் முதல்ல பொரிஞ்சு வெள்ளையா உப்பும், அப்புறம் கண்ணாடி மாதிரி படுத்துக்கும், அந்த நேரம் கண்ணை எடுக்கவே கூடாது, பொடி ஓடுறப்ப ஜாயின்ட் ஓரமா ஒரு மின்னல் கோடு ஓடும், அந்தக் கோடு ஓடி முடிஞ்ச நொடில நெருப்பை எடுத்துரணும். அரம்பத்துக்கு விரல் நுனியே போதும், அலகு சொருகற இடத்துல அதிர்வு பிசிறடிக்கும். எனாமல் உலைக்குள்ள 800 டிகிரி சுமாருக்கு ஒண்ணு ரெண்டு நிமிஷம்தான் இருக்கும், முதல்ல சர்க்கரை மாதிரி, அப்புறம் ஆரஞ்சுத் தோல் மாதிரி புள்ளி புள்ளியா, அப்புறம் தண்ணி மாதிரி பளபளனு ஆகும். இது எல்லாருக்கும் கண்ணு வேலைதானே.

அந்த “டிக்” மட்டும் நிஜமாவே எனக்கு நஷ்டம். ஆறினப்புறம் லென்ஸ் வச்சு வெளிச்சத்தைச் சாய்ச்சுப் பார்த்து, நகத்தால ஓட்டிப் பார்த்துதான் விரிசல் தெரியும். உங்களுக்கு ஒரு நொடி, எனக்கு 5 நிமிஷம். தினம் 20 பீஸ்னா கணக்குப் போட்டுக்கோங்க. வரம்னு சொல்றவங்க அந்த 5 நிமிஷத்துக்குக் கூலி தர்றாங்களா?

கொலுசு கார்த்தி:
சாமணம் அண்ணே, மன்னிச்சிருங்க. சினிமா டயலாக் மாதிரி எழுதிட்டேன், முதல் போஸ்டை அழிக்கல, அழிச்சா உங்க பதில் புரியாது, இருக்கட்டும். அந்த மின்னல் கோடு விஷயத்தை மூணு தடவை படிச்சேன்.

நிலா அம்மா:
நான் நகைத் தொழில் கிடையாது, ஸ்கூல் டீச்சர், கூகுள்ல தேடி இங்க வந்தேன். என் பொண்ணுக்கு 11 வயசு, காது கேட்காது. நல்லா வரைவா. நேத்து இந்த இழையைக் காட்டி, 1892ல பிறந்த ஒருத்தருக்கும் உன்னை மாதிரித்தான், அவர் செஞ்ச ப்ரோச்சை இன்னிக்கும் ஏலத்துல அடிச்சுக்கறாங்கனு சொன்னேன், அவ முகத்தைப் பார்த்திருக்கணும். சாமணம் சார், நீங்க சொல்ற கோவம் புரியுது. ஆனா அந்த ‘காது கேளாத கலைஞர்’ங்கற மூணு வார்த்தை இல்லேன்னா எனக்கு எப்படி இது கிடைச்சிருக்கும்? அதை எடுத்துருங்கனு சொல்லாதீங்க.

சாமணம்:
நிலா அம்மா, எடுக்கச் சொல்லல. எங்க வைக்கறாங்கங்கறதுதான் பிரச்சனை. ஒரு ஆளைப் பத்தி நாலு வரி எழுதறான், முதல் வரி காது. ரெண்டாவது வரி காது கேட்காம எப்படி ஜெயிச்சாரு. மூணாவது வரி விலை. வேலையைப் பத்தி ஒரு வரி. காஸ்கினைப் பத்தி எழுதினா இப்படியா எழுதறான்? பாப்பாகிட்ட சொல்லுங்க, ஆனா அவரு மார்கரெட் ஸ்ட்ரீட்ல உட்கார்ந்து பல வருஷம் படிச்சாருங்கறதையும் சேர்த்துச் சொல்லுங்க. எங்களுக்கு யாரும் அதைச் சொல்லல, பிறவித் திறமைன்னே சொல்லிட்டு இருந்தாங்க, வேலை வராதப்ப எங்களையே நொந்துக்கிட்டோம்.

நிலா அம்மா:
சரி சார், சொல்றேன். இருந்தாலும் முதல் வரியோ கடைசி வரியோ, அது இருக்கறதுதான் எனக்கு முக்கியம். இதுல நாம ஒத்துப்போக மாட்டோம் போல.

சாமணம்:
பரவால்ல.

பனங்காய்:
உந்தக் காலத்தில காது கேளாத பிள்ளையளின்ர நிலைமை என்னெண்டும் கொஞ்சம் பாக்கவேணும். 1880ல மிலான் நகரத்தில வாத்திமாரின்ர மாநாடு ஒண்டு நடந்தது, சைகை மொழி வேண்டாம், வாயாலதான் படிப்பிக்கவேணும் எண்டு முடிவெடுத்திச்சினம். அந்த முடிவெடுக்க வந்தவையில காது கேளாத ஆக்கள் மிகக் குறைவு. பிறகு பள்ளிக்கூடங்களில பிள்ளையள் கையால கதைச்சாக் குற்றம். இங்கிலாந்தில 1893ல சட்டம் வந்து 7 வயசில இருந்து 16 வரைக்கும் காது கேளாத பிள்ளையளுக்குப் படிப்புக் கட்டாயம் ஆச்சுது, நல்ல விசயம்தான், ஆனா படிப்பில பாதி நேரம் உதட்டைப் பாக்கிறதும் தொண்டையில கை வைச்சுச் சத்தம் பழகிறதும். ஹன்ட் பிறந்ததுக்கு அடுத்த வருசம் அந்தச் சட்டம். பிரிட்டிஷ் சைகை மொழியை ஒரு மொழியெண்டு சட்டம் ஏற்றுக்கொண்டது 2022லதான். 130 வருசம் கிட்டத்தட்ட.

ஆனா பட்டறைப் படிப்பு வேற மாதிரியெல்லோ. வாத்தியார் செய்வார், பிள்ளை பாக்கும், பிழைச்சா கையைப் பிடிச்சுத் திருத்துவார். அரைவாசிப் பாடம் வாயே தேவையில்லை.

குமிட்டி:
அது என்னமோ உண்மைதானுங்க. எங்கப்பாரு எனக்கு 6 வருசம் சொல்லிக் குடுத்தாரு, அதுல பேசுனது மொத்தமாச் சேத்தா ஒரு மணி நேரம் வராது. மண்டைல சாமணத்தால ஒரு தட்டு, அவ்வளவுதான் பாடம்.

ஏலக்கடை:
இன்னொரு கோணம் சொல்றேன், யாரும் தொடல. பேரு. பர்மிங்ஹாம் ஃபேக்டரில ஒரு ப்ரோச் ஒருத்தன் அச்சடிப்பான், ஒருத்தன் பொருத்துவான், ஒருத்தன் கல்லு வைப்பான், பாலிஷ் போடறது இன்னொரு பொண்ணு. யாரு பேரும் வெளிய வராது. லண்டன் லிபர்ட்டி கடை 1899லேருந்து சிம்ரிக்னு ஒரு வெள்ளி சரக்கு வித்தாங்க, நிறைய இதே பர்மிங்ஹாம்ல ஹேஸ்லர் கம்பெனில பண்ணதுதான், பார்க்க ஆர்ட்ஸ் அண்ட் கிராஃப்ட்ஸ் மாதிரியே இருக்கும், ஆனா டிசைனர் பேரைச் சொல்லவே மாட்டாங்க. ஆர்ச்சிபால்ட் நாக்ஸ் மாதிரி இன்னிக்குப் பேர்போன டிசைனருங்களே அப்போ பேரில்லாமதான் இருந்தாங்க. இதுக்கு எதிரா ஆர்ட்ஸ் அண்ட் கிராஃப்ட்ஸ் கண்காட்சில கேட்டலாக்ல டிசைன் யாரு, செஞ்சது யாருனு பேர் போட்டே ஆகணும்னு வச்சாங்க. எனக்கு அந்த இயக்கத்துல புடிச்சதே இதுதான். மத்தபடி அவங்க நகையை வாங்கினதெல்லாம் காசு இருக்கறவங்கதான், ஏழைக்கு அழகுனு பேசினதெல்லாம் பேச்சோட சரி. ஹன்ட் தன் வேலைல ஜி, ஹெச்னு முத்திரை வச்சாரு. காது கேட்காத ஒரு ஆளு பேரு 2 உலகப்போரைத் தாண்டி நம்ம கைக்கு வந்துருக்குன்னா அந்த ரெண்டு எழுத்துதான் காரணம்.

சாமணம்:
ஏலக்கடை சார், இதைப் படிச்சுட்டு மெஷினை ஆஃப் பண்ணிட்டு உட்கார்ந்துட்டேன். 22 வருஷத்துல நான் செஞ்சது எவ்ளோ இருக்கும்னு எனக்கே தெரியாது. எல்லாத்துலயும் கடை முத்திரை. ஒரு தடவை கல்யாண வீட்டுல ஒரு அம்மா கழுத்துல நான் செஞ்ச அட்டிகை, மூணாவது கண்ணில ஒரு சின்ன பிசிறு இருக்கும், அரம் வழுக்கினது, அதை வச்சு கண்டுபிடிச்சேன். சொல்லலாம்னு போனேன். எப்படிச் சொல்றது, அவங்களுக்குச் சைகை தெரியாது. சாப்பிட்டு வந்துட்டேன்.

பனங்காய்:
தம்பி, உங்கட இதைப் படிச்சாப்பிறகு என்ன எழுதிறதெண்டு தெரியேல்லை. இருந்தாலும் கார்த்திக்கு மூன்ஸ்டோன் பற்றிச் சொல்லவேணும் எண்டு நினைச்சனான். ஆர்ட்ஸ் அண்ட் கிராஃப்ட்ஸ் ஆக்கள் பாவிச்ச அந்த நீலம் ஓடுற சந்திரகாந்தக் கல்லுக்குப் பேர்போன இடம் எங்கட இலங்கைதான், தெற்கில மீட்டியாகொட எண்ட ஊர். அந்தக் கல்லைச் சரிச்சுச் சரிச்சுப் பாத்தா உள்ளுக்க நிலா வெளிச்சம் ஓடிறமாதிரி நகரும்.

இலங்கைக்கும் இந்த இயக்கத்துக்கும் இன்னொரு தொடர்பும் இருக்கு. கலை பற்றி எழுதின ஆனந்த குமாரசாமியை எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும், கொழும்பில 1877ல பிறந்தவர், தகப்பன் சேர் முத்து குமாரசாமி. அவர் இஞ்ச பிராட் கேம்ப்டன் எண்ட ஊரில நார்மன் சேப்பல் எண்ட பழைய தேவாலயத்தை வீடாக்கி இருந்தவர், திருத்திக் குடுத்தது ஆஷ்பி எண்ட கட்டடக் கலைஞர். அந்த ஆஷ்பிதான் 1888ல கில்ட் ஆஃப் ஹேண்டிகிராஃப்ட் எண்ட கைவினைக்காரர் சங்கம் தொடங்கி, 1902ல லண்டன் கிழக்கில இருந்து தொழிலாளர் குடும்பங்களோட கிராமத்துக்குக் குடிபெயர்ந்த மனுசன். குமாரசாமியின்ர மனுசி எதெலின்ர தம்பி ஃபிரெட் பார்ட்ரிட்ஜ் அந்தக் கில்டில நகைக்காரர். 1908ல குமாரசாமி சிங்களக் கலை பற்றின தன்ர பெரிய புத்தகத்தை அச்சடிச்சது, வில்லியம் மாரிஸ் முந்திப் பாவிச்ச அதே அச்சு இயந்திரத்தில. அந்தப் புத்தகம் முழுக்க எங்கட ஊர்க் கைவினைக்காரர் பற்றித்தான்.

கொலுசு கார்த்தி:
இந்த இழை எங்கயோ போயிருச்சு, நான் ஒரு ப்ரோச்சைப் பத்தித்தான் கேட்டேன் 😅 சரி கடைசியா ஒண்ணு. ஆசை விடல, பின்பக்க போட்டோ கேட்டு மெயில் போட்டேன், இப்பதான் வந்துச்சு, கீழ போட்டிருக்கேன். அதே ஏலத்துல இன்னொரு ஹன்ட் பீஸும் இருக்கு, நடுவுல தந்தத்துல செதுக்கின முகம். எது பெட்டர்?

ஏலக்கடை:
தந்தம் பக்கமே போகாதீங்க. பிரிட்டன்ல 2018ல தந்தச் சட்டம் போட்டு 2022 ஜூன்லேருந்து அமல்ல இருக்கு. 1947க்கு முந்தினதா இருக்கணும், மொத்தப் பொருள்ல தந்தம் 10 சதவீதத்துக்கும் கம்மியா இருக்கணும், அதையும் ரெஜிஸ்டர் பண்ணிருக்கணும். நடுவுல ஒரு முகமே தந்தம்னா அந்த 10 சதவீதத்துலயே சண்டை வரும். அவன் வித்தாலும் இங்க கொண்டு வர்றப்ப நம்ம வனவிலங்குச் சட்டத்துல மாட்டிப்பீங்க. ஹன்ட் செதுக்கின பீஸ் எல்லாம் அழகுதான், கண்ணால பாருங்க போதும்.

மூன்ஸ்டோன் ப்ரோச்சுக்கு வர்றேன். இதுல முத்திரை இருக்கா? இந்த வகை சின்ன நகை நிறைய முத்திரையே இல்லாம வரும், டீலருங்க பார்த்துட்டு இவர் ஸ்டைல்னு பேர் எழுதிருவாங்க. பர்மிங்ஹாம் ஹால்மார்க்னா நங்கூரம் இருக்கும், அந்த ஊர்ல கடலே இல்லேங்கறது வேற விஷயம். அது இல்லாட்டியும் மேக்கர் முத்திரையாவது வேணும்.

சாமணம்:
பின்பக்கம் பார்த்தேன். பெரிசு பண்ணிப் பார்த்தா கீழ் இலைக்குப் பின்னாடி தகட்டுல ரெண்டு எழுத்து தேய்ஞ்ச மாதிரி இருக்கு, ஜி மாதிரிதான் தெரியுது, அடுத்தது வெளிச்சத்துல போயிடுச்சு. இலையெல்லாம் ஒவ்வொண்ணும் தனித்தனியா வெட்டித் தட்டி வச்சது, வார்ப்பு இல்ல, எந்த ரெண்டும் ஒரே அளவு கிடையாது. கம்பி வளைஞ்சு தண்டுல சேர்ற இடத்துல பொடி ஒரு துளி கூட வெளிய வழியல. சுத்தமான கை.

ஆனா அந்தப் பின் அவர் வச்சது இல்ல. கீல் பக்கம் பாருங்க, பொடி குளம் மாதிரி தேங்கி நிக்குது, பக்கத்துத் தகடு சூட்டுல கருத்து சொரசொரனு ஆயிருக்கு. முன்பக்கம் அவ்ளோ பார்த்துப் பார்த்து வச்சவன் பின்னால இப்படி அள்ளிப் போட மாட்டான். யாரோ அவசரத்துல மாத்தியிருக்காங்க. விலைல அதைச் சொல்லிக் குறைக்கலாம்.

கொலுசு கார்த்தி:
அண்ணே அந்த ரெண்டாவது எழுத்து தெரியற மாதிரி சாய்ஞ்ச வெளிச்சத்துல இன்னொரு போட்டோ கேட்டிருக்கேன். வந்ததும் போடறேன்.